சாலை எண்ணில் ஒளிந்திருக்கும் கணக்கு

எக்ஸெல் பக்கம் போவதற்கு முன்னால், நான் அசடு வழிந்த கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய்க் கொண்டிருந்தோம். நான், என் மனைவி, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அப்பா. திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. இரவு பத்து மணி. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவர் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். செல்போனில் பேச முடிந்தது, ஆனால் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. அதனால் நாங்கள் நிற்கும் இடத்தை மேப்பில் எடுத்து அனுப்ப வழியில்லை.

கார் இன்சூரன்ஸ் பேப்பரில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் வட இந்தியாவில் எங்கோ ஒரு பெண். "எந்த ஹைவேயில் நிற்கிறீர்கள் சார்?" என்று கேட்டார். "என்.எச். 45" என்றேன். காலேஜ் நாட்களிலிருந்து எனக்கு மனப்பாடமான எண் அது. கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார்: "ஜபல்பூருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓரமாக நடந்து ஒரு கிலோமீட்டர் கல்லைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் தலையில் 132 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணையும் கல்லில் இருந்த கிலோமீட்டரையும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் இழுவை வண்டி வந்தது. அதுவரை பையில் இருந்த பிஸ்கட்டை வைத்து அப்பா சமாளித்தார். சமாளித்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "நாப்பத்தஞ்சு எப்போடா நூத்தி முப்பத்திரண்டு ஆச்சு?"

நல்ல கேள்வி. வீடு திரும்பியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்து பதில் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

2010ஆம் ஆண்டில் மத்திய அரசு நம் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புதிய எண் கொடுத்தது. அதற்கு முன்பிருந்த எண்ணை வைத்து ஒரு சாலை நாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனிக்குப் போன சாலைக்கு 45. சேலத்திலிருந்து கொச்சி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போனதற்கு 47. அதே தமிழ்நாட்டில் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போன சாலைக்கு 208. இந்த எண்களை மனப்பாடம் செய்யலாம், கணக்குப் போட முடியாது.

புதிய முறையில் விதி இருக்கிறது. மூன்றே வரிகளில் சொல்லிவிடலாம்.

ஒன்று: வடக்கு தெற்காகப் போகும் முக்கியச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். நாட்டின் கிழக்கு ஓரத்தில் 2ல் தொடங்கி, மேற்கே போகப் போக எண் கூடும்.

இரண்டு: கிழக்கு மேற்காகப் போகும் முக்கியச் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கே காஷ்மீரில் 1ல் தொடங்கி, தெற்கே வர வர எண் கூடும்.

மூன்று: மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். முதல் இலக்கம் அது எத்தனையாவது கிளை என்பதைக் காட்டும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் மூன்றாவது விதியில் இருக்கிறது. 132 என்பது 32ன் முதல் கிளை. 32 என்பது சென்னையிலிருந்து திண்டிவனம், புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி போகும் சாலை. திண்டிவனத்தில் அது புதுச்சேரி பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து விழுப்புரம் வரை உள்ள துண்டுதான் 132. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போவது 38. ஆக, நாம் 45 என்ற ஒரே பெயரில் அறிந்திருந்த சென்னை - திருச்சி சாலை இன்று 32, 132, 38 என்று மூன்று எண்களில் இருக்கிறது. 45 என்ற எண்ணோ மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகும் சாலைக்குப் போய்விட்டது. போனில் பேசிய அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்!

எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்

விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா? எக்ஸெல்லில் ஒரு புதிய ஒர்க் ஷீட் திறந்து கொள்ளுங்கள். ஓப்பன் ஆபீஸ் வகை இலவச புரோகிராம் வைத்திருந்தாலும் இதே வேலை நடக்கும். முதல் நெட்டு வரிசையில் சாலை எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்.

இரண்டாவது வரிசையில் தாய்ச் சாலையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மாட் என்ற பங்ஷன் போதும். ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்தால் என்ன மீதி வரும் என்று சொல்வதுதான் இதன் வேலை. சாலை எண் உள்ள செல்லைக் காட்டி, கமா போட்டு 100 என்று கொடுங்கள். 132க்கு 32 என்று வரும். 744க்கு 44 வரும். 38ஐ 100ஆல் வகுத்தால் மீதி 38தான் என்பதால் இரண்டு இலக்க எண்கள் அப்படியே நிற்கும்.

மூன்றாவது வரிசையில் திசை. மறுபடியும் மாட், இந்த முறை 2ஆல் வகுக்க வேண்டும். மீதி 0 என்றால் வடக்கு தெற்கு, 1 என்றால் கிழக்கு மேற்கு.

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். திருமங்கலம் - கொல்லம் சாலையின் புதிய எண் 744. என் ஒர்க் ஷீட் அதை வடக்கு தெற்குச் சாலை என்று அடித்துச் சொன்னது. ஆனால் ராஜபாளையம், தென்காசி வழியாக மலையைக் கடந்து மேற்கே போகிறது அந்தச் சாலை. பார்முலாவில் தவறில்லை, நான் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். ஒற்றை, இரட்டை விதி முக்கியச் சாலைகளுக்கு மட்டும்தான். கிளை தாயின் எண்ணை வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும், திசையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே, எண் 100ஐ விடக் குறைவா என்று இஃப் பங்ஷனை முதலில் கேட்க வையுங்கள். குறைவு என்றால் மட்டும் திசையைச் சொல்லட்டும். இல்லையென்றால் "கிளை" என்று எழுதிவிட்டுப் போகட்டும்.

44 என்ற ஏணி

இப்போது விதியைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 44தான் நம் நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை. இதை ஒரு ஏணியின் நெடுக்குச் சட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். குறுக்கே வரும் ஒற்றைப்படைச் சாலைகள் ஏணிப்படிகள். வடக்கிலிருந்து இறங்குவோம்.

ஸ்ரீநகரில் 1. ஜலந்தரில் 3. டில்லியில் 9. ஆக்ராவில் 19. ஜான்சியில் 27. நாக்பூரில் 53. ஐதராபாத்தில் 65. பெங்களூரில் 75.

இனி நம் ஊர். கிருஷ்ணகிரியில் 77, இது திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகிறது. சேலத்தில் 79, உளுந்தூர்பேட்டைக்குப் போகிறது. கரூரில் 81. திண்டுக்கல்லில் 83. மதுரையில் 85.

ஒரு படி கூட இடம் மாறவில்லை! கடைசி ஆறு படிகளைப் பாருங்கள். 75, 77, 79, 81, 83, 85 என்று ஒற்றைப்படை எண் ஒன்று கூட விடாமல் வரிசையாக வருகிறது. நான் இந்தப் பட்டியலை மானிட்டரில் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லையே, வீட்டுக் கதவு நம்பர் மாதிரி போட்டிருக்கானே" என்றார்.

குறுக்கு வாட்டிலும் சோதிக்கலாம். நாகப்பட்டினத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கிளம்புங்கள். நாகப்பட்டினத்தில் 32. தஞ்சாவூரில் 36. திருச்சியில் 38. கரூரில் 44. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக இரட்டைப்படை எண் ஏறுகிறது. சொன்ன விதி சொன்னபடி நிற்கிறது.

இதுவும் கணக்கா, தற்செயலா?

அடுத்து நான் கண்டது கம்ப்யூட்டர்காரர்களுக்குப் புல்லரிக்கும் விஷயம். சென்னையிலிருந்து புறப்படும் முக்கிய நெடுஞ்சாலைகள் மூன்று. வடக்கே கொல்கத்தா போவது 16. தெற்கே தூத்துக்குடி போவது 32. மேற்கே பெங்களூர், மும்பை வழியாக டில்லி போவது 48. மூன்றும் 16ன் மடங்குகள்! திருத்தணி, ரேணிகுண்டா வழியாகக் கடப்பா பக்கம் போகும் கிளைச் சாலையின் எண் கூட 716. அதிலும் 16 ஒட்டிக்கொண்டிருக்கிறது.

16 பிட், 32 பிட் என்று படித்து வளர்ந்த நமக்கு இதைப் பார்த்ததும் யாரோ வேண்டுமென்றே செய்ததாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படியானால் அடுத்த மடங்கு 64 எங்கே இருக்க வேண்டும்? சென்னையில்தானே? தேடினேன். 64 குஜராத்தில் இருக்கிறது. அகமதாபாத்திலிருந்து தண்டிக்குப் போகிறது. மேற்கே போகப் போக எண் கூடும் என்ற விதிப்படி அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கண்ணில் படும் எல்லா ஒழுங்கும் விதி ஆகிவிடாது. நாம் இன்னும் பார்க்காத ஒன்றை முன்கூட்டியே சரியாகச் சொன்னால் அதை விதி என்று நம்பலாம். 16, 32, 48 அழகான தற்செயல். 75, 77, 79 விதி. லாட்டரிச் சீட்டின் எண்ணிலும் வண்டி எண்ணிலும் ராசி தேடுபவர்களுக்கும் இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

விதி வளையும் இடங்கள்

48ஐ இன்னொரு தரம் பாருங்கள். இரட்டைப்படை என்பதால் வடக்கு தெற்காகப் போக வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து பெங்களூர் வரை அது மேற்கே போகிறது. விதி பொய்யா? இல்லை. விதி முழுச் சாலைக்குத்தான், அதன் ஒரு துண்டுக்கு அல்ல. டில்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னை வரை மொத்தமாகப் பார்த்தால் அது வடக்கு தெற்குச் சாலைதான். இன்னொரு சிக்கலும் உண்டு. 48 என்பது 44க்கு மேற்கே இருக்க வேண்டும். பெங்களூர் வரை அப்படித்தான் வருகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி வரை இரண்டு எண்களும் ஒரே சாலையில் ஓடுகின்றன. அதன் பிறகு 48 கிழக்கே தாவிச் சென்னைக்கு வந்துவிடுகிறது. ஊர்கள் விதிக்கு முன்பே தோன்றிவிட்டன. சாலை ஊருக்குத்தான் போக வேண்டும், எண்ணுக்காக வளைய முடியாது.

கிளை எண்ணிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. முதல் இலக்கம் 1 முதல் 9 வரைதான். ஒரு தாய்க்கு ஒன்பது கிளைகளுக்கு மேல் இந்த முறையில் இடமில்லை. அதனால் சிறு கிளைகளுக்கு எண்ணோடு ஒரு எழுத்தும் சேர்க்கிறார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகப் போகும் ஈ.சி.ஆர். சாலையின் எண் 332ஏ. உங்கள் எக்ஸெல் பார்முலாவில் இதைப் போட்டால் பிழைச் செய்தி வரும், ஏனென்றால் 332ஏ என்பது எண் அல்ல, எழுத்து. எழுத்தைத் தனி வரிசையில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் ஒரு காணாமல் போன எண்

நம் முறைக்கு அக்கா முறை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1926லேயே நாடு முழுவதற்கும் எண் கொடுத்துவிட்டார்கள். வடக்கு தெற்குச் சாலைக்கு ஒற்றைப்படை, கிழக்கே 1ல் தொடங்கி மேற்கே கூடும். கிழக்கு மேற்குச் சாலைக்கு இரட்டைப்படை, வடக்கே தொடங்கித் தெற்கே கூடும். நம்முடையதும் வடகிழக்கு மூலையிலிருந்து எண்ணுவதுதான், ஒற்றையும் இரட்டையும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

1950களில் அவர்கள் இன்டர்ஸ்டேட் என்ற புதிய விரைவுச் சாலைகளைப் போட ஆரம்பித்தார்கள். அவற்றுக்கும் 1, 2 என்று எண் கொடுத்தால் பழைய சாலையோடு குழப்பம் வருமே? அதனால் 1957ல் எண்ணும் மூலையைத் தலைகீழாக மாற்றினார்கள். புதிய முறை தென்மேற்கிலிருந்து தொடங்கியது. பசிபிக் கடலோரம் 5, அட்லாண்டிக் கடலோரம் 95. தெற்கே 10, வடக்கே 90. பழைய 10 வடக்கே, புதிய 10 தெற்கே. ஒரே எண் கொண்ட இரண்டு சாலைகளும் நாட்டின் இரு கோடிகளில் இருந்தால் குழப்பம் இல்லை.

இப்போது ஒரு கேள்வி. மேப்பில் தேடினால் இன்டர்ஸ்டேட் 40 கிடைக்கும், 70 கிடைக்கும். 50ம் 60ம் கிடைக்காது. ஏன்? ஒரு பேப்பரில் 10 முதல் 90 வரை மேலிருந்து கீழாக எழுதுங்கள். பக்கத்தில் அதையே கீழிருந்து மேலாக எழுதுங்கள். ஓரங்களில் எண்கள் விலகி நிற்கும். நடுவில் மட்டும் 50க்குப் பக்கத்தில் 50 வந்து நிற்கும், 60க்கு அருகிலேயே 60 இருக்கும். ஒரே மாநிலத்தில் ஒரே எண்ணில் இரண்டு சாலைகள் வந்துவிடும் என்பதால் அந்த இரண்டு எண்களையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அங்கும் மூன்று இலக்கம் என்றால் கிளைதான். ஆனால் முதல் இலக்கம் கூடுதல் தகவல் தருகிறது. இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றும் சாலை, ஒற்றைப்படை என்றால் ஊருக்குள் போகும் சாலை. வாஷிங்டனைச் சுற்றுவது 495. அந்த நகருக்குள் நுழைவது 395.

விதியை மீறிய எண்ணும் அங்கே உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள இன்டர்ஸ்டேட் 99, விதிப்படி 95க்குக் கிழக்கே இருக்க வேண்டும். ஆனால் வெகு தூரம் மேற்கே 79க்கும 81க்கும் நடுவில் இருக்கிறது. காரணம், 1995ல் நிறைவேறிய ஒரு சட்டத்திலேயே அந்த எண்ணை எழுதிவிட்டார்கள். சட்டத்தில் ஏறிவிட்ட எண்ணைக் கணக்கு காட்டி மாற்ற முடியுமா?

உங்களுக்குச் சில புதிர்கள்

மேப்பைத் திறக்காமல் முயற்சி செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு போட்டி போடுங்கள்.

1. நாக்பூரிலிருந்து ஐதராபாத்துக்கு 44ல் போகிறீர்கள். வழியில் நிர்மல் என்ற ஊரில் ஒரு முக்கிய கிழக்கு மேற்குச் சாலை சேர்கிறது. அதன் எண் 47, 60, 61, 71 இவற்றில் எது?

2. 766 என்ற பலகையைப் பார்க்கிறீர்கள். நீங்கள் இருப்பது இந்தியாவின் கிழக்குப் பகுதியா, மேற்குப் பகுதியா?

3. சென்னை - திருத்தணி சாலைக்குப் பழைய எண் 205. புதிய முறையில் 205 தெற்கே இருக்க முடியுமா?

4. இன்டர்ஸ்டேட் 15, இன்டர்ஸ்டேட் 75 இவற்றில் பசிபிக் கடலுக்கு அருகில் இருப்பது எது?

பர்சில் ஒரு சீட்டு

விளையாட்டு இருக்கட்டும். அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்டது புதிர் அல்ல, சரியான எண். அதனால் எக்ஸெல்லில் கடைசியாக ஒரு வேலை செய்தேன். நாங்கள் வழக்கமாகப் போகும் சாலைகளை மட்டும் எடுத்து, ஊர், பழைய எண், புதிய எண் என்று மூன்று வரிசைகளில் டைப் செய்து சிறிய எழுத்தில் பிரிண்ட் எடுத்தேன். ஒன்று கார் டேஷ்போர்டில், ஒன்று அப்பாவின் பர்சில். பழைய எண்ணைக் கொடுத்தால் புதிய எண்ணைத் தேடித் தரும்படி வி-லுக்கப் பங்ஷனையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள். கூடவே இதையும் நினைவில் வையுங்கள். மஞ்சள் தலை கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. யாரைக் கூப்பிட்டாலும் கல்லில் உள்ள சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் படித்துச் சொல்லுங்கள். மனப்பாடமாக இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

அப்பா இன்னும் 45 என்றுதான் சொல்கிறார். ஆனால் போன மாதம் திண்டிவனம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது: "முப்பத்திரண்டோட மூத்த புள்ள வந்தாச்சு."

விடைகள்

1. 61. நாக்பூரில் 53, ஐதராபாத்தில் 65 என்பதால் இடையில் வரும் ஒற்றைப்படை எண் இது ஒன்றுதான். 60 இரட்டைப்படை என்பதால் முதலிலேயே கழிந்துவிடும்.

2. மேற்கு. தாய்ச் சாலை 66, மேற்குக் கடற்கரையோரம் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை போவது. 766 கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக மைசூர் பக்கம் போகிறது.

3. முடியாது. 205ன் தாய் 5. ஒற்றைப்படையில் சிறிய எண் என்பதால் அது வடகோடியில் இருக்க வேண்டும். இன்று 205 சிம்லா பக்கம் இருக்கிறது.

4. இன்டர்ஸ்டேட் 15. அங்கே ஒற்றைப்படை எண் மேற்கிலிருந்து கிழக்கே கூடுகிறது.